வெளிநாட்டில் பைக் ஓட்ட: உரிமம் முதல் சாலைச் சோதனை வரை முழுமையான வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ இன்னொரு நாட்டில் குடியேறுபவர்கள் வந்த சில வாரங்களிலேயே ஒரு ஸ்கூட்டரைப் பிடித்துவிடுகிறார்கள். பேருந்துக்குக் காத்திருந்து அலுத்துப்போகும், வண்டி மலிவாகக் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் காகிதமும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். அப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "போலீஸ் பிடித்தால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்?"

அபராதம் கட்டினால் விஷயம் அன்றோடு முடிந்துவிடும். உண்மையான செலவு விபத்து நடந்த மறுநாள்தான் தொடங்குகிறது. அன்றைக்கு மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் காயம்பட்டவரின் வழக்கறிஞரும் கேட்கப்போவது, அந்த நாட்டுச் சட்டப்படி, அந்த வகை வண்டியை, அந்தத் தேதியில் ஓட்டும் உரிமை உங்களுக்கு இருந்ததா என்பதைத்தான். அதற்கு ஆம் என்று சொல்லும் நிலையில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவதே இந்த வழிகாட்டியின் வேலை. வரிசை முக்கியம். முதல் இரண்டு படிகளைத் தாண்டிவிட்டு மூன்றாவதற்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 1: சட்டத்தின் கண்ணில் நீங்கள் பயணியா, குடியிருப்பவரா?

சுற்றுலா வந்தவருக்கு ஒரு விதி, குடியிருப்பவருக்கு வேறு விதி. நாடுகளுக்கு இடையிலான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைகள் முதன்மையாகப் பயணிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை இதை வெளிப்படையாகவே சொல்கிறது: வழக்கமான வசிப்பிடத்தை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டவரின் பழைய உரிமத்தை அந்தப் புதிய நாடு ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எத்தனை நாள் ஏற்கலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்துகொள்கிறது.

அதனால் கெடு நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் வசிப்பிடம் அமைத்ததிலிருந்து 6 மாதம். ஸ்பெயினிலும் 6 மாதம். பிரிட்டனில் 12 மாதம். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடியிருப்பு விசா கைக்கு வந்த பிறகு சொந்த நாட்டு உரிமத்தைக் காட்டி ஓட்டவே முடியாது, அமீரக உரிமம் வேண்டும். ஜப்பானில் சர்வதேச அனுமதி (படி 3-இல் விளக்கும் சிறு புத்தகம்) உள்ளே நுழைந்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். ஆனால் அங்கே பதிவு செய்து வசிப்பவர் சில வாரம் வெளியே போய்விட்டுத் திரும்பினால் அந்த ஓராண்டு புதிதாகத் தொடங்காது. தொடர்ந்து 3 மாதமாவது வெளியே இருந்திருக்க வேண்டும். "விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தால் கணக்கு புதுசாகிவிடும்" என்று நம்பி ஓட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. கெடு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். நுழைந்த நாளா, விசா ஒட்டிய நாளா, முகவரிப் பதிவு செய்த நாளா? அதை உரிமம் வழங்கும் அலுவலகத்தின் இணையதளத்தில் பாருங்கள், அல்லது நேரில் கேளுங்கள். பிறகு அந்தக் கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் கைபேசியில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். உள்ளூர் உரிமம் வாங்க அவ்வளவு காலம் பிடிக்கும்.

படி 2: உங்கள் உரிமத்தில் பைக் இருக்கிறதா? எந்தப் பைக்?

பலரும் நினைப்பதுபோல "லைசென்ஸ் இருக்கிறது" என்பது முழுப் பதில் ஆகாது. கார் உரிமம் பல நாடுகளில் ஸ்கூட்டருக்குச் செல்லாது. தாய்லாந்தில் காருக்கு ஓர் அட்டை, பைக்குக்கு வேறு அட்டை. ஜப்பானில் கார் உரிமத்தோடு 50 சிசி மொபெட்டை ஓட்டலாம், வாடகைக் கடையில் நிற்கும் சாதாரண 125 சிசி ஸ்கூட்டரை ஓட்ட முடியாது.

அடுத்தது வண்டியின் அளவு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2013 ஜனவரி 19 முதல் நான்கு படிநிலைகள் உள்ளன. மொபெட்டுக்கு ஏஎம். 125 சிசி, 11 கிலோவாட் (என்ஜினின் திறன்) வரை ஏ1. 35 கிலோவாட் வரை ஏ2. அதற்கு மேல் எல்லாவற்றுக்கும் ஏ. சிங்கப்பூரில் 200 சிசி வரை 2பி, 400 வரை 2ஏ, அதற்கு மேல் 2. ஜப்பானில் எல்லைகள் 50, 125, 400. இந்தோனேசியாவில் 250-உம் 500-உம். வியட்நாமில் 2025 ஜனவரி 1 முதல் ஏ1 உரிமம் 125 சிசி வரைதான். அதற்கு முன்பு இந்த எல்லை 175-ஆக இருந்ததால் பழைய தகவலைப் படித்துவிட்டு 150 சிசி வண்டி வாங்கிப் புதிதாக உரிமத்துக்குப் போகிறவர் ஏமாறுவார்.

இவற்றை நான் வரிசையாகச் சொல்வது மனப்பாடம் செய்வதற்கு இல்லை. ஒரு நாட்டின் "ஏ" இன்னொரு நாட்டின் "ஏ"-வுக்குச் சமம் என்று எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கியர் விஷயத்தையும் பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் தேர்வு எழுதியவருக்கு ஐரோப்பிய நாடுகளில் உரிமத்தின் பின்புறம் 78 என்ற எண் அச்சாகும். தானியங்கி வண்டி மட்டும் என்று அர்த்தம். ஜப்பானிலும் இதே போன்ற கட்டுப்பாடு உண்டு. பின்னால் கிளட்ச் உள்ள பைக் வாங்கும் எண்ணம் இருந்தால் தேர்வையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பயிற்சி இரண்டு வாரம் கூடும், ஆனால் இரண்டாவது முறை தேர்வுக்குப் போக வேண்டியிருக்காது.

மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் சிசி இருக்காது, கிலோவாட்தான் அளவுகோல். "எலக்ட்ரிக்குக்கு உரிமமே வேண்டாம்" என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். பதிவுச் சான்றில் எழுதியிருக்கும் திறனைப் பாருங்கள்.

படி 3: சர்வதேச அனுமதிப் புத்தகம்

இதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். சாம்பல் நிற அட்டை போட்ட இந்தச் சிறு புத்தகம் தனியாக ஓர் உரிமம் ஆகாது. உங்கள் சொந்த நாட்டு உரிமத்தின் அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்புதான் அது. அசல் உரிமம் உடன் இல்லையென்றால் இதற்கு மதிப்பில்லை. அசல் காலாவதியானால் இதுவும் செத்துவிடும்.

அடுத்தது, இந்தப் புத்தகத்தில் வகைகள் உண்டு. 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது ஓராண்டு செல்லும். 1968 வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது அதிகபட்சம் 3 ஆண்டு. பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அட்டையில் அச்சிட்டிருக்கும் உடன்படிக்கையின் ஆண்டைப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஆண்டுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஏன்? வியட்நாம் 1968 உடன்படிக்கையில் மட்டும் உள்ள நாடு. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா போன்ற நாடுகள் வழங்குவது 1949 வகை. ஆகவே அந்த நாடுகளிலிருந்து முறைப்படி வாங்கிவந்த, தேதி முடியாத, உண்மையான புத்தகமும் வியட்நாம் சாலையில் உரிமமாகக் கணக்கில் வராது. ஜப்பானில் இதற்கு நேர் எதிர்: அங்கே 1949 வகை மட்டும்தான் ஏற்கப்படும். ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, தைவான் உரிமம் உள்ளவர்கள் ஜப்பானில் இந்தப் புத்தகத்துக்குப் பதிலாக, அங்கீகரிக்கப்பட்ட ஜப்பானிய மொழிபெயர்ப்பை அசல் உரிமத்தோடு வைத்து ஓட்டுகிறார்கள். தாய்லாந்து இரண்டு உடன்படிக்கைகளிலும் இருப்பதால் இரண்டையும் ஏற்கும். சீனா இரண்டையுமே ஏற்காது, உள்ளூர் உரிமம்தான் வழி.

புத்தகம் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தை விரியுங்கள். ஒரு பக்கம் உங்கள் புகைப்படம், பெயர், கையெழுத்து. அதையொட்டி ஏ, பி, சி, டி, ஈ என்று கட்டங்கள். உங்களுக்கு உரிமை உள்ள கட்டத்தில் மட்டும் அலுவலகத்தின் முத்திரை விழுந்திருக்கும். பைக்குக்கு ஏ. பி-யில் மட்டும் முத்திரை இருந்து ஏ வெறுமையாக இருந்தால், உங்கள் கையில் இருப்பது கார் அனுமதி. சோதனைச் சாவடியில் விவரம் தெரிந்த காவலர் மற்ற பக்கங்களைப் புரட்டவே மாட்டார், நேராக அந்த ஏ கட்டத்தைத்தான் பார்ப்பார்.

இன்னொன்று. இணையத்தில் "10 ஆண்டு செல்லும் சர்வதேச லைசென்ஸ்" என்று விற்கிறார்கள். எந்த உடன்படிக்கையிலும் அப்படி ஒன்று இல்லை. சர்வதேச அனுமதியை வழங்குவது ஒரு நாட்டின் அரசோ, அந்த அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ மட்டுமே. பணம் கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் அட்டையைக் காவலரிடம் நீட்டினால், உரிமமில்லாத குற்றத்தோடு போலி ஆவணக் குற்றமும் சேர வாய்ப்புண்டு.

படி 4: உள்ளூர் உரிமம் வாங்குவது

நீண்ட காலம் தங்குபவருக்கு என் கருத்தில் இது ஒன்றுதான் உறுதியான தீர்வு. சர்வதேச அனுமதி முதல் சில மாதங்களைக் கடக்க உதவும் பாலம் மட்டுமே.

இரண்டு வழிகள் உண்டு. பழைய உரிமத்தை மாற்றிக்கொள்வது ஒன்று, புதிதாகத் தேர்வு எழுதுவது மற்றொன்று. உங்கள் நாட்டோடு அந்த நாட்டுக்கு ஒப்பந்தம் இருந்தால் தேர்வில்லாமல் மாற்றலாம். இல்லையென்றால் பகுதித் தேர்வோ முழுத் தேர்வோ எழுத வேண்டியிருக்கும். மாற்றும்போது பழைய உரிமத்தில் உள்ள வகைகள்தான் புதியதில் வரும். பைக் வகை இல்லாத உரிமத்தை மாற்றினால் பைக் வகை இல்லாத உள்ளூர் உரிமம்தான் கிடைக்கும்.

வழக்கமாகக் கேட்கும் காகிதங்கள்: பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, முகவரிச் சான்று, அசல் உரிமம், அதன் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு, மருத்துவச் சான்று அல்லது கண் பரிசோதனை, புகைப்படம். இவற்றில் நேரம் தின்பது மொழிபெயர்ப்பும் முகவரிச் சான்றும். மொழிபெயர்ப்பை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது, அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் முத்திரை வேண்டும். ஜப்பானில் அந்நாட்டு வாகன ஓட்டிகள் கூட்டமைப்பான ஜாஃப் அதைச் செய்து தருகிறது. தாய்லாந்தில் முகவரிச் சான்றைக் குடிவரவு அலுவலகத்திலோ உங்கள் தூதரகத்திலோ வாங்க வேண்டும்.

பெயர் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று எல்லாக் காகிதங்களிலும் சரிபாருங்கள். தந்தை பெயரை முதலெழுத்தாகப் போடும் நமக்கு இது பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிவாகவும் உரிமத்தில் ஒற்றை எழுத்தாகவும் இருந்தால், கவுன்டரில் இருப்பவருக்கு அது இரண்டு வேறு ஆட்கள். "இருவரும் ஒருவரே" என்று தூதரகத்திடம் ஒரு சான்று முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் ஓர் அலைச்சல் மிச்சம்.

ஜப்பானில் இன்னொரு நிபந்தனை உண்டு. உரிமம் வாங்கிய பிறகு அதை வழங்கிய நாட்டில் குறைந்தது 3 மாதம் தங்கியிருந்ததை நிரூபிக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகள்தான் சாட்சி, அதனால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 2025 அக்டோபர் 1 முதல் அங்கே எழுத்துத் தேர்வும் கடினமாகிவிட்டது. முன்பு 10 கேள்வி, இப்போது 50, அதில் 90 விழுக்காடு சரியாக இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து தங்கும் விடுதி முகவரியைக் கொடுத்து மாற்றிக்கொண்ட வழியும் அடைபட்டுவிட்டது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் மாற்றும்போது பழைய உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் இரு புறமும் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள்.

ஓட்டும் தேர்வைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இருபது வருடமாக ஓட்டுகிறேன் என்பவர்களும் தோற்கிறார்கள், ஏனென்றால் இதில் சோதிப்பது வேறு திறமை. ஜப்பானியத் தேர்வில் 15 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு மேடை இருக்கும். அதன்மேல் சாதாரணப் பைக்கில் 7 வினாடிக்குக் குறையாமல், பெரிய பைக்கில் 10 வினாடிக்குக் குறையாமல் மெதுவாகக் கடக்க வேண்டும். வேகமாகப் போனால் மதிப்பெண் குறையும், சக்கரம் கீழே இறங்கினால் அங்கேயே தேர்வு முடிந்தது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்தே வைத்து, கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்து, முட்டியால் டேங்கை இறுக்கி, கண்ணை மேடையின் கடைசியில் நிறுத்தினால் வண்டி நிலையாக நிற்கும். முன்சக்கரத்தைப் பார்த்தால் விழுவீர்கள். வியட்நாமில் எட்டு வடிவம், ஐரோப்பாவில் 50 கிலோமீட்டர் வேகத்தில் அவசர நிறுத்தம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒன்று இருக்கும். தேர்வுத் திடலின் வரைபடத்தை வாங்கி, அந்த நாட்டுப் பயிற்சிப் பள்ளியில் நான்கைந்து மணி நேரம் பழகிவிட்டுப் போங்கள். தோள் திருப்பிப் பின்னால் பார்ப்பதை மிகையாகச் செய்யுங்கள். தேர்வாளருக்கு உங்கள் கண் தெரியாது, ஹெல்மெட் திரும்புவதுதான் தெரியும்.

படி 5: வண்டியின் காகிதமும் காப்பீடும்

ஓட்டுநருக்கு உரிமம் இருப்பதுபோல வண்டிக்கும் பதிவுச் சான்று, கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு, பல நாடுகளில் தகுதிச் சோதனைச் சான்று, வரி ஒட்டு ஆகியவை வேண்டும். பழைய வண்டி வாங்கினால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வெளிநாட்டவர் கையில் மாறி மாறி வந்த வண்டியின் பதிவு எப்போதோ ஊர் திரும்பிவிட்ட ஒருவர் பெயரில் கிடக்கும். அந்த வண்டியைப் பறிமுதல் செய்தால் மீட்க உங்களுக்கு உரிமையே இருக்காது. என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வாடகைக்கு எடுத்தால் பாஸ்போர்ட்டை அடகு வைக்காதீர்கள். நகலும் முன்பணமும் வாங்கிக்கொள்ளும் கடையைத் தேடுங்கள். வண்டியைச் சுற்றி ஒரு காணொளி எடுத்து, கீறல்களைக் கடைக்காரர் முன்னிலையிலேயே காட்டிவிடுங்கள். கடைக்காரர் உரிமம் கேட்கவில்லை என்பது உங்களுக்கு அனுமதி இருக்கிறது என்பதற்கு ஆதாரமாகாது. சில நாடுகளில் உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தவரும் குற்றவாளி. ஜப்பானிலும் வியட்நாமிலும் அப்படித்தான். ஆகவே உங்கள் வண்டியை நண்பரிடம் கொடுக்கும்போதும் உரிமத்தைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இப்போது காப்பீடு. கட்டாயக் காப்பீடு அடிபட்ட மற்றவருக்கு. உங்கள் எலும்புக்கும் வண்டிக்கும் வேறு காப்பீடு வேண்டும். பயணக் காப்பீடோ மருத்துவக் காப்பீடோ வைத்திருந்தால் ஒப்பந்தத்தில் "விலக்குகள்" என்ற பகுதியை வரிக்கு வரி படியுங்கள். மூன்று வாசகங்களைத் தேடுங்கள். "விபத்து நடந்த நாட்டில் செல்லுபடியாகும் உரிமம்" என்பது முதலாவது. இத்தனை சிசி-க்கு மேல் பொறுப்பில்லை என்பது இரண்டாவது, அந்த எல்லை பெரும்பாலும் 125. ஹெல்மெட்டும் மதுவும் மூன்றாவது. இந்த மூன்றில் ஒன்று மீறப்பட்டிருந்தாலும் நிறுவனம் கைவிரிக்கலாம், தவறு எதிரே வந்தவருடையதாக இருந்தாலும்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. மழையில் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. கோரிக்கைப் படிவத்தோடு காப்பீட்டு நிறுவனம் கேட்ட முதல் ஆவணம் அவருடைய உரிமத்தின் நகல், அதுவும் இரண்டு பக்கமும். அவரிடம் இருந்தது கார் உரிமம். அதே சாலையில் அதற்கு முன் பலமுறை காவலர்கள் அவரை நிறுத்தி, பார்த்து, போகவிட்டிருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக் கட்டணம் முழுவதையும் அவர்தான் கட்டினார். காவலர் விட்டுவிட்டார் என்பதை யாரும் சான்றாக ஏற்பதில்லை.

படி 6: சாலை விதியில் உள்ள உள்ளூர் வேறுபாடுகள்

எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது. வெளிநாட்டவர் அடிக்கடி மாட்டும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

விரைவுச்சாலை: தென்கொரியாவில் பைக்குக்கு அனுமதியே இல்லை. வியட்நாமிலும் அப்படியே. ஜப்பானில் 125 சிசி-க்கு மேல் இருந்தால்தான் ஏறலாம். கைபேசி வரைபடம் கார் வழியைக் காட்டி உங்களை நேராக அதில் ஏற்றிவிடும், வண்டி வகையை மாற்றி வையுங்கள்.

பின்னால் ஆள் ஏற்றுவது: ஜப்பானில் பைக் உரிமம் வாங்கி ஓராண்டு வரை கூடாது. விரைவுச்சாலையில் 3 ஆண்டு அனுபவமும் 20 வயதும் வேண்டும்.

வாகனங்களுக்கு இடையில் புகுந்து போவது: கலிபோர்னியாவில் சட்டப்படி சரி, ஜெர்மனியில் குற்றம்.

உடை: பிரான்சில் 2016 நவம்பர் முதல் தரச்சான்று பெற்ற கையுறை கட்டாயம். பெல்ஜியத்தில் கையுறையோடு முழுக்கை மேலாடை, நீளக் காற்சட்டை, கணுக்காலை மூடும் காலணியும் வேண்டும்.

திரும்புவது: தைவானில் பல சந்திப்புகளில் ஸ்கூட்டர் நேராக இடப்புறம் திரும்பக் கூடாது. சந்திப்பைக் கடந்து, தரையில் வரைந்த கட்டத்தில் நின்று, அடுத்த பச்சை விளக்குக்குப் போக வேண்டும்.

மது விஷயத்தில் ஒரே அறிவுரைதான்: குடித்தால் ஓட்டாதீர்கள். வியட்நாமிலும் அமீரகத்திலும் அனுமதி அளவே பூஜ்யம். தாய்லாந்தில் பொது எல்லை 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம். ஆனால் தற்காலிக உரிமம் வைத்திருப்பவருக்கும் உரிமமே இல்லாதவருக்கும் 20 தான். அங்கே வெளிநாட்டவர் முதலில் வாங்குவது இரண்டு ஆண்டுத் தற்காலிக உரிமம் என்பதால் இந்தக் குறைந்த எல்லைதான் அவர்களுக்குப் பொருந்தும். "ஒரு பாட்டில்தானே" என்ற கணக்கு அங்கே உதவாது.

ஹெல்மெட்டின் நாடா வாரைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படியானதில் தைத்த துணியில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், கீழே ஒப்புதல் எண். அது 06 என்று தொடங்கினால் 22.06 என்ற புதிய தரம், 05 என்றால் அதற்கு முந்தையது. வாடகைக் கடையில் கொடுக்கும் மெல்லிய தொப்பியில் இப்படி எதுவும் இருக்காது. அது அபராதத்திலிருந்து காப்பாற்றலாம், தலையைக் காப்பாற்றாது.

படி 7: காவலர் நிறுத்தும்போது

ஓரமாக நிறுத்துங்கள், என்ஜினை அணையுங்கள், ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியைத் தூக்கி வணக்கம் சொல்லுங்கள். நிறுத்தாமல் திருப்பிக்கொண்டு ஓடுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. பல இடங்களில் அது தனிக் குற்றம், எதிர்த் திசையில் வரும் லாரிக்கு உங்கள் பதற்றம் தெரியாது.

காகிதங்களை ஒரே உறையில் வைத்திருங்கள்: உள்ளூர் உரிமம், அல்லது அசல் உரிமமும் சர்வதேச அனுமதியும் சேர்த்து, பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, குடியிருப்பு அட்டை. கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். கைபேசியில் உள்ள படம் பல நாடுகளில் அசலுக்கு ஈடாகாது.

மொழி புரியவில்லையென்றால் புரியாததற்குத் தலையாட்ட வேண்டாம். என்ன குற்றம், எந்த விதி, எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். சலானில் குற்றக் குறியீடும் தொகையும் காவலரின் அடையாள எண்ணும் இருக்கும். கையெழுத்து கேட்டால் அது பெற்றுக்கொண்டதற்கா, குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கா என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

ரசீது இல்லாமல் பணம் கேட்டால்? இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கொடுக்கக் கூடாது. லஞ்சம் கொடுப்பது கொடுப்பவருக்கும் குற்றம், அதிலும் வெளிநாட்டவருக்கு அது விசாவரை போகும். "சலான் கொடுங்கள், அலுவலகத்தில் கட்டிவிடுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள், அவசரம் காட்டாதீர்கள். எல்லாக் காகிதமும் சரியாக இருப்பவரால்தான் இதைத் தைரியமாகச் சொல்ல முடியும். அதே சமயம், அந்த இடத்திலேயே பணம் வாங்குவது எல்லா நாட்டிலும் முறைகேடு என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் அங்கே நிலையான முகவரி இல்லாதவரிடம் காவலர்கள் சட்டப்படியே பிணைத்தொகை வாங்கலாம். வித்தியாசம் ரசீதில் இருக்கிறது.

வண்டியைப் பறிமுதல் செய்தால், எந்தக் கிடங்கு, எந்தத் தேதிக்குப் பிறகு எடுக்கலாம், என்ன காகிதம் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும்.

படி 8: அபராதம் வந்த பிறகு

கேமராவில் பதிவான குற்றத்துக்குக் கடிதம் பதிவு முகவரிக்குப் போகும். வீடு மாறியவர் முகவரியை மாற்றாமல் விட்டால் கடிதம் பழைய வீட்டில் கிடக்கும், கெடு தாண்டிவிடும், தொகை கூடும். வீடு மாறினால் உரிமத்திலும் பதிவுச் சான்றிலும் உடனே மாற்றுங்கள். ஸ்பெயினில் 20 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகைதான், ஆனால் அப்படிக் கட்டினால் எதிர்த்து முறையிடும் வாய்ப்பைக் கைவிட்டதாக ஆகும். ஆகவே குற்றம் உங்களுடையதுதானா என்று படத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அமீரகத்தில் பாக்கி அபராதம் இருந்தால் வண்டிப் பதிவைப் புதுப்பிக்க முடியாது.

மீறலுக்கு மீறல் உரிமத்தில் புள்ளியைக் கூட்டும் அல்லது குறைக்கும் முறை உள்ள நாட்டில் தொகையைவிடப் புள்ளியைக் கவனியுங்கள். பிரிட்டனில் முதல் உரிமம் வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் உரிமம் ரத்து, மறுபடி கற்றுக்கொள்பவராகத் தொடங்க வேண்டும்.

உரிமமில்லாமல் ஓட்டுவதைச் சிறு மீறல் என்று எண்ண வேண்டாம். ஜப்பானில் அதற்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். குற்றப் பதிவு விழுந்தால் விசா நீட்டிப்பிலும் நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பத்திலும் அது எழுந்து நிற்கும்.

படி 9: விபத்து நடந்துவிட்டால்

இடத்தை விட்டுப் போகாதீர்கள். பயத்தில் போய்விட்டாலும் சட்டம் அதை அடித்துவிட்டு ஓடியதாகத்தான் பார்க்கும். காயம் இருந்தால் முதலில் ஆம்புலன்ஸ். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் எண் 112. பிறகு காவல்துறை. அவர்கள் பதிவு செய்த அறிக்கை இல்லாமல் காப்பீட்டுக் கோரிக்கை நகராது. வண்டிகளை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமிருந்தும் படமெடுங்கள், சாலைக் கோடுகளும் பிரேக் தடமும் விழும்படி.

ஐரோப்பாவில் இரு தரப்பும் சேர்ந்து நிரப்பும் ஒரு பொதுப் படிவம் உண்டு. இடப்பக்கம் ஏ வண்டி, வலப்பக்கம் பி வண்டி, நடுவில் 17 சூழ்நிலைக் கட்டங்கள், கீழே வரைபடம். எந்த மொழியில் அச்சிட்டிருந்தாலும் அமைப்பு ஒன்றே, அதனால் உங்களுக்குத் தெரிந்த மொழியில் ஒரு பிரதியை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு எண்ணை ஒப்பிட்டு நிரப்பலாம். எத்தனை கட்டங்களில் குறியிட்டீர்கள் என்ற எண்ணிக்கையையும் கீழே எழுதுங்கள், பின்னால் யாரும் கூடுதலாக ஒன்றைச் சேர்க்க முடியாது. வரைபடத்தில் உடன்பாடு இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்தான பிறகு அதை மறுப்பது மிகக் கடினம்.

உங்களைக் கைது செய்தாலோ காவலில் வைத்தாலோ, தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமை 1963 வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவில் உள்ளது. பெரும்பாலும் கேட்டால்தான் செய்வார்கள், எனவே கேளுங்கள். தூதரகம் உங்களை விடுவிக்காது, அபராதமும் கட்டாது. மொழிபெயர்ப்பாளர், வழக்கறிஞர் பட்டியல் தரும், வீட்டுக்குச் செய்தி சொல்லும். அதன் அவசர எண்ணைக் கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் போதாது, விழுந்த வேகத்தில் கைபேசி உடைந்துபோயிருக்கலாம். ரத்த வகை, ஒவ்வாமை, நெருங்கியவரின் எண்ணோடு சேர்த்து ஒரு துண்டுச் சீட்டில் உள்ளூர் மொழியில் எழுதி, பதிவுச் சான்று இருக்கும் அதே உறைக்குள் போட்டு வையுங்கள்.